சாட்சி சொல்லச் சற்றுப் பொறுங்கள்

(மருத்துவ ஊழிய ஞாயிறு ஆராதனையில் எங்கள் பிள்ளைகள் வார்டு குழுவினர் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



இந்தச் சபை எங்களுக்குப் புதியதல்ல. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் நீங்கள் எடுத்துக் கொடுத்த அரிசியும் தேங்காயும் முட்டையும் எங்கள் வார்டின் சமையற்கட்டுக்கு வந்து சேர்ந்தன. ஒரே சேவலை மூன்று பேர் மாறி மாறி ஏலம் எடுத்து, மூன்று பேருமே அதைத் திரும்பக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டோம். அந்தச் சேவல் எங்கள் பிள்ளைகளில் ஒருவனுக்குப் பல மாதப் பேருந்துக் கட்டணமாக மாறியது. எனவே முதலாவது எங்கள் நன்றி.

மருத்துவமனையிலிருந்து ஒருவர் பேச வந்தால் ஓர் அற்புதத்தைக் கேட்கலாம் என்று எதிர்பார்ப்பீர்கள். அது நியாயமே. ஆனால் இன்று நாங்கள் ஒரு விண்ணப்பத்தோடு வந்திருக்கிறோம். கொடிய வியாதியிலிருந்து எழும்பிய ஒரு பிள்ளையைச் சபைக்கு முன்பாக நிறுத்தி, முழுச் சுகம் கிடைத்துவிட்டது என்று சாட்சி சொல்ல அவசரப்படாதிருங்கள். இப்படிக் கேட்பதற்குக் காரணம் உண்டு.

சிறு பிள்ளைகளுக்கு வரும் புற்றுநோய்களில் இரத்தப் புற்றுநோயே அதிகம். அதிலும் லிம்போபிளாஸ்டிக் லுக்கேமியா என்ற வகைதான் எங்கள் வார்டில் மிகுதி. விடாத காய்ச்சல், வெளிறிய முகம், அடிபடாமலே தோலில் நீலத் தழும்பு, நடக்க முடியாத கால்வலி என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். முதல் நான்கு வாரச் சிகிச்சை கடுமையானது. ஆனால் அது முடியும்போது பெரும்பாலான பிள்ளைகள் எழுந்து ஓடத் தொடங்கிவிடுகிறார்கள். இரத்தப் பரிசோதனையிலும் நோய் தெரியாது. ஆபத்து இங்கேதான் இருக்கிறது. நுண்ணோக்கிக்கு அகப்படாத நோயணுக்கள் எலும்பு மஜ்ஜையிலும் தண்டுவட நீரிலும் ஒளிந்திருக்கும். இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் மருந்து கொடுத்தால்தான் அவற்றை ஒழிக்க முடியும். பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பும். திரும்பி வரும் நோய் முந்தினதைவிடப் பொல்லாதது.

இதை மருத்துவர்களே துக்கத்தின் வழியாகத்தான் கற்றார்கள். 1947-48-ஆம் ஆண்டுகளில் பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் அமினோப்டெரின் என்ற மருந்தை 16 பிள்ளைகளுக்குக் கொடுத்தார். 10 பேருக்கு நோய் தணிந்தது. ஆனால் அது தற்காலிகமாகவே இருந்தது. அந்த மருந்தை ஆராய்ச்சிக்கூடத்தில் உண்டாக்கித் தந்த குழுவின் தலைவர் யாரென்று நினைக்கிறீர்கள்? பீமாவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ்! பின்னாட்களில் பல மருந்துகளைச் சேர்த்து, நீண்ட காலம் கொடுத்த பிறகே பிள்ளைகள் பிழைக்கலானார்கள். அவற்றில் ஒன்றான வின்கிரிஸ்டின் நம் கல்லறைத் தோட்டங்களில் தானாகப் பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கப்படுவது. சுடுகாட்டு மல்லி என்று நாம் ஒதுக்கிய செடிக்குள் ஆண்டவர் எதை வைத்திருந்தார் பாருங்கள். இன்று வசதி மிக்க நாடுகளில் இந்நோய் கண்ட 10 பிள்ளைகளில் ஏறக்குறைய 9 பேர் பிழைக்கிறார்கள். நம் நாட்டில் அந்த எண்ணிக்கை குறைவாயிருப்பதற்குச் சிகிச்சையைப் பாதியில் விடுவதும் ஒரு காரணம்.

பாதியில் விடுகிறவர்கள் எல்லாரும் அசட்டையானவர்கள் அல்லர். சிலர் விசுவாசத்தின் நிமித்தமே விடுகிறார்கள். அதனால்தான் மருத்துவமனையில் அல்ல, சபையில் வந்து இதைப் பேசுகிறோம்.

ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்ல அனுமதி பெற்று வந்திருக்கிறோம், பெயர் வேண்டாம். தகப்பனார் உப்பளத்தில் கூலி வேலை. மழைக்காலம் வந்தால் அதுவும் இல்லை. தாயார் பீடி சுற்றுகிறார். மகனுக்கு ஆறு வயது. அவர்கள் சபை மூன்று நாள் உபவாசமிருந்து ஜெபித்தது. ஐந்தாம் வாரம் பையன் வீடு திரும்பினான். முகம் மருந்தினால் உப்பியிருந்தது, தலையில் முடியில்லை. ஆனால் இரவு இரண்டு மணிக்கு இட்லி கேட்டு அழும் அளவுக்குப் பசி! ஊரே மகிழ்ந்தது. சாட்சிக் கூட்டம் ஒழுங்கு செய்தார்கள். வெளியூரிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார், சுகமான பிறகும் மாத்திரை கொடுப்பது அவிசுவாசம் என்று சொல்லிப் போனார். அன்று இரவு பாட்டி மாத்திரை டப்பாவை எடுத்து ஒளித்து வைத்துவிட்டார்.

அந்தத் தாய் மாமியாரிடம் சொன்ன பதிலை அப்படியே சொல்லுகிறோம்: "அத்தே, சுகம் தருவாருன்னு நானும்தான் விசுவாசிக்கேன். ஆனா எத்தனை நாள்ல தரணும்னு நாம அவருக்குக் கெடு வைக்கக்கூடாதுல்லா?" டப்பா திரும்பி வந்தது. வேதசாஸ்திரக் கல்லூரியில் படித்தவர்கள் எங்களில் இருக்கிறோம். இதைவிடத் தெளிவாக எங்களுக்குச் சொல்ல வந்திருக்காது.

சீரியாவின் நாகமானை நினைத்துக்கொள்ளுங்கள். யோர்தானில் ஏழுதரம் முழுகச் சொன்னார் எலிசா. ஆறாம் முழுக்குவரை அவனுக்கு ஏதாவது குணம் தெரிந்ததாக எழுதப்படவில்லை. எங்கள் பிள்ளைகளின் சோதனை வேறு விதம். அவர்களுக்கு முதல் முழுக்கிலேயே சரீரம் சுத்தமானதுபோல் தெரிகிறது. மீதி ஆறுக்கும் எதற்காகத் தண்ணீரில் இறங்க வேண்டும் என்று தோன்றிவிடுகிறது. எசேக்கியா ராஜாவுக்கு ஆயுசு கூட்டிக் கொடுக்கப்பட்ட வேளையில் ஏசாயா அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொன்னார். நம்முடைய ஆண்டவரும் குஷ்டரோகியைச் சுத்தமாக்கின கையோடு, ஆசாரியனிடத்தில் போய்க் காண்பிக்கச் சொன்னார். பரிசோதித்துப் பார்க்கட்டும் என்று அவரே அனுப்பினபடியால், நாங்கள் இரத்தம் எடுத்துப் பார்ப்பதில் யாருக்கும் வருத்தம் வேண்டாம்.

அந்த வீட்டில் இப்போது குடும்ப ஜெபத்துக்கு முன்பு மாத்திரை. பையனே நாட்காட்டியில் கோடு போடுகிறான். அவனுக்கு 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் கண்டால் காலைவரை காத்திருக்கக் கூடாது. வெள்ளணுக்கள் குறைந்த பிள்ளையைக் காய்ச்சல் சில மணி நேரத்தில் கொண்டுபோய்விடும். அப்படி ஒரு நள்ளிரவில் அவர்களுடைய ஆயர் தம் மோட்டார் சைக்கிளில் இருவரையும் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். அன்று அவர் செய்த ஜெபம் எங்களுக்குத் தெரியாது. வண்டி ஓட்டியது தெரியும்.

இன்னொரு வீட்டைப் பற்றியும் சொல்லாவிட்டால் நாங்கள் உண்மையுள்ள சாட்சிகள் அல்லர். எட்டு வயதுப் பெண்பிள்ளை. ஒரு மாத்திரை தவறவில்லை, ஒரு தேதி தப்பவில்லை. இரண்டாம் ஆண்டில் நோய் திரும்பியது. பிள்ளை ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்தாள். யார் செய்த பாவம் என்று உறவினர் கேட்டார்கள். பிறவிக் குருடனைக் குறித்துச் சீஷர் கேட்ட அதே கேள்வி, அன்றே தள்ளப்பட்ட கேள்வி. ஜெபம் ஏன் கேட்கப்படவில்லை என்று தகப்பனார் எங்களிடம் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. இருப்பதுபோல் பேசவும் இல்லை. தாவீது ஏழு நாள் தரையிலே கிடந்து கெஞ்சின பிள்ளையும் மரித்தது என்று வேதமே மறைக்காமல் சொல்லுகிறது.

ஒன்றைக் கவனித்தோம். ஆரம்பத்தில் அவளைப் பார்க்கக் கூட்டங்கூட்டமாய் வந்தவர்கள், நோய் திரும்பினபின் வரவில்லை. அன்பில்லாமல் அல்ல, சொல்ல வார்த்தையில்லாமல். அந்தச் சபையின் கோவில் குட்டியார் மட்டும் வாரந்தோறும் வந்தார். முதியவர். கட்டிலருகே உட்கார்ந்து விசிறுவார். சத்தமாய் ஜெபித்ததே இல்லை. அடக்க ஆராதனைக்கு மணி அடித்ததும் அவர்தான். அந்தப் பெற்றோர் இன்னும் ஆலயத்துக்குப் போகிறார்கள். கடைசி வாங்கில், அவருக்குப் பக்கத்தில்.

உங்கள் காணிக்கையைக் குறித்து ஒரு வார்த்தை. சிகிச்சைச் செலவில் ஒரு பங்கை அரசின் காப்பீட்டுத் திட்டம் தாங்குகிறது. ரயிலில் புற்றுநோயாளிகளுக்குக் கட்டணச் சலுகை உண்டு. குடும்பங்களை உடைப்பது பேருந்துச் செலவும், இழந்த கூலியும், ஊரில் விட்டுவந்த மற்றப் பிள்ளைகளின் சாப்பாடும். அதற்காகத்தான் எங்கள் பயண நிதி. அதோடு, உங்கள் மன்றாட்டுப் பட்டியலில் ஒரு பிள்ளையின் பெயரை எழுதும்போது, அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகவேண்டிய தேதியையும் பக்கத்தில் எழுதிவையுங்கள். அந்தத் தேதியில் யாராவது ஒருவர் அந்த வீட்டுக் கதவைத் தட்டிக் கேளுங்கள்.

உப்பளத்துக்காரர் மகனுக்கு வருகிற வியாழக்கிழமை முதுகுத்தண்டு ஊசி. அவன் மாத்திரைகள் முடிய இன்னும் 11 மாதம் இருக்கிறது. அவனுடைய சபையார் சாட்சிக் கூட்டத்தை அதுவரை தள்ளி வைத்திருக்கிறார்கள்.