கோடைப் பிரயாணமும் குடும்ப க்ஷேமமும்

(கோவில்பட்டியில் நடைபெற்ற நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வி, வியாபாரம், விவாக சம்பந்தம் முதலிய விஷயங்களைப் பற்றி இம்மேடையில் பல அறிஞர்கள் பேசியிருக்கின்றனர். இன்று நான் எடுத்துக்கொண்ட விஷயம் அவற்றைப் போல் பெரியதாகத் தோன்றாது. பங்குனி உத்திரத்திற்குச் சாஸ்தா கோயிலுக்கும், பள்ளிக்கூட விடுமுறையில் திருச்செந்தூருக்கும் குற்றாலத்திற்கும், ஒருநாட் பொழுதுபோக்காகக் கழுகுமலைக்கும் எட்டயபுரத்திற்கும் குடும்பத்தோடு போய்வருவது நம்மவர் வழக்கம். போய்வருவதில் சொற்பொழிவுக்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். போனவர் அனைவரும் திரும்பி வருகிறார்களா என்பதே கேள்வி. அதனாலேயே இதனைப் பேசத் துணிந்தேன்.

முதலில் நாம் வாழும் பூமியின் இயல்பைக் கருதுவோம். நம்முடையது கரிசல் பூமி. கறுத்த மண் வெயிலை வாங்கிக்கொள்ளும், மரநிழலோ அரிது, காற்றோ வறண்டது. வறண்ட காற்றில் வேர்வை தோன்றிய மாத்திரத்தில் உலர்ந்துவிடும். ஆதலால் உடம்பிலிருந்து எவ்வளவு நீர் போயிற்று என்பது நமக்கே தெரிவதில்லை. "நான் வேர்க்கவே இல்லையே" என்பவர்தாம் மாலையில் தலைவலியும் மயக்கமும் கொண்டு படுத்துவிடுகிறார். திருச்செந்தூர்க் கடற்கரையிலோ நிலைமை மாறானது. அங்கே காற்றில் ஈரம் மிகுதி. வேர்வை வழியும், ஆனால் உலராது. வேர்வை உலர்ந்தால்தான் தேகம் குளிரும், வழிந்தோடினால் குளிராது. ஆகையால் கடற்காற்று வீசுகிறதே என்று நடுப்பகலில் மணலில் நிற்பதும் அபாயமே.

தேக உஷ்ணம் 104 டிகிரிக்கு மேல் ஏறி, புத்தி தடுமாறி, பேச்சுக் குழறி, பிதற்றலோ வலிப்போ கண்டால் அதுவே வெப்பவாதம். இதனைச் சாதாரணக் களைப்பென்று எண்ணித் தூங்கவைப்பது உயிருக்கு உலை வைப்பதாகும். உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடைகளைத் தளர்த்தி, உடல் முழுதும் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே இருத்தல் வேண்டும். கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் நனைத்த துணி வைக்கலாம். நினைவு தப்பியவர் வாயில் ஒரு சொட்டும் புகட்டலாகாது. அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும். 108 வண்டியை அழைத்துவிட்டு, அது வரும்வரை குளிர்விப்பதை நிறுத்தாதிருக்க வேண்டும்.

தெய்வ காரியமாகப் போகிறவர்களுக்கு ஒன்றும் நேராது என்று நம்மில் சிலர் சொல்வதுண்டு. பக்தியை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் 2024 ஜூன் மாதத்தில் முகம்மதிய சகோதரர்கள் மக்காவுக்கு ஹஜ் யாத்திரை சென்றபொழுது அங்கே உஷ்ணம் 125 டிகிரியைத் தொட்டது. 1,301 யாத்திரிகர்கள் மாண்டனர் என்று அவ்வரசாங்கமே அறிவித்தது. அவர்களிற் பெரும்பாலோர் முறைப்படி பதிவு செய்துகொள்ளாமல், தங்க நிழலின்றி, வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள். பக்தியில் அவர்கள் எவருக்கும் குறைந்தவர்களல்லர், ஏற்பாட்டில்தான் குறைவு. நம் மாகாணத்திலேயே 2024 அக்டோபர் 6-ஆம் தேதி சென்னை மெரினாவில் விமானப்படை சாகசம் காணக் குடும்பம் குடும்பமாகக் கூடிய லக்ஷக்கணக்கான ஜனங்களில் ஐவர் உயிர்நீத்தனர். அது சித்திரையன்று, புரட்டாசி! அவ்வக்டோபர் மாதத்திலேயே தமிழ்நாடு அரசாங்கம் வெப்ப அலையையும் புயல் வெள்ளம் போன்றதொரு பேரிடராக அறிவித்தது.

நிற்க. இப்பொழுது தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீர்மோரும், பானகமும், நுங்கும், பதநீரும், கம்மங்கூழும் நம் முன்னோர் கண்ட கோடை மருந்துகள். கலர் ஐஸும் சாயச் சர்பத்தும் அவற்றுக்கு ஈடாகா. கட்டுச்சோற்றில் புளியோதரை தாங்கும். தேங்காய்ச் சட்னியும் பருப்புக் கலந்த சோறும் நடுப்பகலுக்கு முன்பே கெட்டுவிடும். நம் ஊர்க் கடலை மிட்டாய் 2020-இல் புவிசார் குறியீடு பெற்றது. கெடாதது, பசி தாங்குவது. ஆனால் அதைத் தின்றபின் தண்ணீர் குடிக்க மறக்கலாகாது.

வயிற்றுப்போக்குக் கண்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலைதட்டி அளந்து, கலந்து கொடுக்க வேண்டும். உப்பை மிகுதியாகப் போட்டால் குழந்தைக்குக் கேடு. இதன் பெருமையை உலகறியச் செய்தவர் வங்கத்து டாக்டர் திலீப் மகலநாபிஸ். 1971-இல் வங்க அகதிகள் முகாமில் காலரா பரவியபொழுது, நரம்பில் ஏற்றும் மருந்துநீர் தீர்ந்துபோக, உப்புச் சர்க்கரை நீரையே குடிக்கக் கொடுத்து, நூற்றுக்கு 30 பேர் வரை இறந்த நிலையை நூற்றுக்கு 4 பேருக்கும் குறைவாக இறக்கினார். அவ்வளவு பெரிய மருந்து நம் அடுக்களையிலேயே இருக்கிறது.

ஆனால், தாய்மார்களே, தண்ணீர் குடியுங்கள் என்று உபதேசிப்பது எளிது. நம் வீட்டு ஸ்திரீகள் பிரயாணத்தில் தண்ணீர் குடியாமலிருப்பதற்குக் காரணம் தாகமின்மையன்று. வழியில் ஒதுங்க இடமில்லை. குலதெய்வக் கோயிலிலும் கழிப்பறை இல்லை. ஆகையால் விடியற்காலையிலேயே வாயைக் கட்டிக்கொண்டு புறப்படுகிறார்கள். பொங்கலிட அடுப்பின் முன் நின்று, ஆண்களுக்கும் குழந்தைகளுக்கும் பரிமாறி, கடைசியில் தாம் உண்ணுமுன் சூரியன் உச்சியைக் கடந்துவிடுகிறான். வெயில், அடுப்பு, பட்டினி, தாகம் என்ற நான்கும் ஓருடம்பில் சேர்கின்றன. இதனை அவர்கள் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், ஆண்கள் கேட்பதுமில்லை. இச்சபையில் இதனைச் சொல்லுதற்கு நான் கூசவில்லை. கேட்காதிருப்பதற்கே நாம் கூச வேண்டும்.

நம்மவரில் பலர் குலதெய்வக் கோயில்களுக்கு அலங்கார வளைவும், கிரானைட் தளமும், பெயர் பொறித்த கல்வெட்டும் தாராளமாகச் செய்திருக்கின்றனர். அவர்கள் தர்ம சிந்தனை வாழ்க. ஆயினும் அடுத்த வளைவுக்கு முன்னே பெண்களுக்குக் கதவும் தண்ணீரும் உள்ள இரண்டு கழிப்பறைகளும், வெயிலுக்கு ஒரு கூரைப் பந்தலும் அமைப்போமானால், அதைவிடப் பெரிய திருப்பணி இல்லை என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். வழியிலும் பஸ் நிலையம், பெட்ரோல் பங்கு முதலிய இடங்களை முன்கூட்டியே குறித்துக்கொண்டு வண்டியை நிறுத்துதல் வேண்டும்.

முதியோர் விஷயம் ஒன்று. இரத்த அழுத்தத்திற்கு உண்ணும் மாத்திரைகளில் சில, சிறுநீரை மிகுதியாகப் பிரிப்பவை. நீரிழிவுக்காரர் விரதமிருந்து மருந்தும் உட்கொண்டால் சர்க்கரை திடீரென்று தாழ்ந்துவிடும். இவர்கள் புறப்படுமுன் வைத்தியரைக் கலந்துகொள்ளட்டும். இன்சுலினை வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டுவைக்கலாகாது. குழந்தையை விடுவது அதனினும் கொடுமை. கண்ணாடி ஏற்றிய காருக்குள் பத்து நிமிஷத்திற்குள் ஏறக்குறைய 20 டிகிரி உஷ்ணம் கூடிவிடும்.

இனி நீர்நிலைகளைப் பற்றியது. 2024 மே 17-ஆம் தேதி பிற்பகலில் பழைய குற்றாலத்தில் நடந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அக்கினி நக்ஷத்திரக் காலம். ஆனி ஆடியில் வரும் சாரலுக்கு இன்னும் நாள் இருந்தது. ஜனங்கள் அருவியில் குளித்துக்கொண்டிருக்கும்பொழுதே திடீர் வெள்ளம் வந்துவிட்டது. பெண்களும் குழந்தைகளும் படிகளில் ஏறி ஓடினர். திருநெல்வேலியைச் சேர்ந்த 17 வயதுப் பிள்ளை ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு மாண்டான். அருவி நிற்கும் இடத்தில் பெய்யும் மழையால் மட்டும் பெருகுவதன்று. மேலே மலையில் நம் கண்ணுக்கு எட்டாத இடத்தில் பெய்த மழை சேர்ந்து இறங்குகிறது. ஆகையால் தலைக்குமேல் வானம் வெளுத்திருப்பது அத்தாட்சியாகாது. தண்ணீரின் நிறம் கலங்கினாலும், சருகும் குச்சியும் வரத்தொடங்கினாலும், இரைச்சல் கூடினாலும், செருப்பையும் சோப்பையும் தேடாமல் கரையேற வேண்டும். காவலர் விசில் ஊதினால் அது நம் சந்தோஷத்தைக் கெடுப்பதற்கன்று.

மலையருவி தூரத்தில் இருக்கிறது. நம் கண்மாயும் கிணறும் பக்கத்திலேயே இருக்கின்றன. கோடையில் கரம்பை அள்ளிய கண்மாய்களில் ஆழமான குழிகள் கிடக்கும். ஒரு கோடை மழை பெய்துவிட்டால் அவை நிரம்பி, முழங்காலளவு நீர்போலக் காட்சியளிக்கும். ஓரடி எடுத்துவைத்தால் ஆளைமறைக்கும் ஆழம். கரிசல் சேறோ காலைப் பிடித்துக்கொள்ளும். பாட்டி வீட்டுக்கு விடுமுறைக்கு வந்த பட்டணத்துப் பிள்ளைகளுக்கு இவ்விடங்கள் தெரியா. ஒருவன் மூழ்கக் கண்டு மற்றொருவன் குதிக்க, இருவரும் போவதே வழக்கமாயிருக்கிறது. நீந்தத் தெரியாதவர் குதிக்கவே கூடாது. கயிறு, வேஷ்டி, சேலை, மூடிய வெற்றுப் பிளாஸ்டிக் கேன் எதையேனும் எறியட்டும். கரைசேர்த்தவரைத் தலைகீழாகத் தொங்கவிடுவதும் வயிற்றை அமுக்குவதும் பழைய தவறுகள். மூச்சில்லையானால் வாயோடு வாய் வைத்துக் காற்றூதி, மார்பின் நடுவே அழுத்திவிடுவதே முறை. நம் இளைஞர்கள் இதனைப் பயின்றுகொள்ளுதல் அவசியம்.

வானமும் கவனிக்கத்தக்கது. சித்திரை வைகாசியில் மாலை வேளைகளில் இடிமழை பெய்யும். வெட்டவெளியான நம் காட்டில் தனியே நிற்கும் பனையும் வேம்பும் மின்னலை வாங்குபவை. அவற்றின் கீழ் ஒதுங்குவது நேராகப் போய் யமனிடம் நிழல் கேட்பதாகும். கட்டடத்திற்குள்ளோ மூடிய பஸ்ஸுக்குள்ளோ போய், கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் வரை இருத்தல் நலம்.

கோயில் வெளியில் இரவு தங்குவோருக்கு இன்னொரு வார்த்தை. கோடையில் கரிசல் மண் பாளம் பாளமாக வெடிக்கும். அவ்வெடிப்புகளில் பாம்புகள் ஒதுங்கும். கட்டுவிரியன் இரவில் வெளிப்பட்டு, தரையில் உறங்குவோரைத் தீண்டும். பல சமயம் வலியுமிராது, பல்தடமும் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலியும், இமை சாய்தலும், பேச்சுக் குழறலும் காணும். ஆதலால் கட்டிலில் அல்லது கொசுவலை நன்றாகச் செருகிய பாயில் படுக்க வேண்டும். நடமாட டார்ச் விளக்கு வேண்டும். கடித்துவிட்டால் கட்டுப்போடுதல், கீறுதல், உறிஞ்சுதல் ஒன்றும் வேண்டா. கடிபட்ட அங்கத்தை அசையாமல் வைத்து, மந்திரவாதியிடம் பொழுது போக்காமல், அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்க. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்திற்கும் ஒரே முறிவு மருந்து உண்டு.

கடைசியாக வண்டி. சரக்கு வண்டியில் பலகை போட்டு, அம்மி அண்டாவோடு ஐம்பது பேரை ஏற்றிச் செல்லும் வழக்கம் இன்னும் ஒழிந்தபாடில்லை. அது சட்டவிரோதம், கவிழ்ந்தால் இன்ஷூரன்ஸ் நஷ்டஈடு கிடைப்பதும் கடினம். பஸ் சத்தத்திற்குக் கொடுக்கும் சில ஆயிரத்தை மிச்சம் பிடிக்கப் போய் ஒரு கிளை வமிசத்தையே இழப்பது கணக்கறிந்த சமூகத்திற்கு அழகன்று. இரவு முழுதும் கண்விழித்த ஓட்டுநரை மறுநாள் காலையிலேயே திரும்பி ஓட்டச் சொல்வதும் அத்தகையதே.

அன்பர்களே, இவ்வளவும் சொன்னதன் கருத்து யாரும் வீட்டைவிட்டு நகரக்கூடாது என்பதன்று. சுற்றத்தாரைக் காண்பதும், பிள்ளைகளுக்குக் குலதெய்வத்தைக் காட்டுவதும், கழுகுமலையில் ஒரே பாறையைக் குடைந்து பாண்டியர் காலத்தார் செய்த வெட்டுவான் கோயிலையும், எட்டயபுரத்தில் பாரதியார் பிறந்த வீட்டையும் காணச் செய்வதும் கல்வியின் பகுதிகள். காலை ஒன்பது மணிக்குள் மலையேறி இறங்குங்கள். பாறை சுடுமுன் திரும்புங்கள். பன்னிரண்டு முதல் மூன்று மணி வரை நிழலில் இருங்கள். இவ்வளவே நான் வேண்டுவது.

சங்கத்தார் முன் மூன்று யோசனைகளை வைக்கிறேன். முதலாவது, சங்க உறுப்பினர் கூட்டாகச் செல்லும் எந்தப் பிரயாணத்திற்கும் சரக்கு வண்டி ஏற்பாடு செய்வதில்லை என்று தீர்மானித்தல். இரண்டாவது, கோயில் நிதியில் அடுத்து நடைபெறும் வேலை பெண்களுக்கான கழிப்பறையும் பந்தலுமே என்று முடிவு செய்தல். மூன்றாவது, ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு பொறுப்பாளரை நியமித்து, குடிநீர், முதலுதவிப் பெட்டி, மருந்துண்ணும் முதியோர் விவரம், குழந்தைகளின் எண்ணிக்கை ஆகியவற்றை அவர் கையில் ஒப்புவித்தல். இறங்கும்பொழுதும் ஏறும்பொழுதும் அவர் தலைகளை எண்ணட்டும்.

இவற்றை இன்றே விவாதித்து நிறைவேற்ற வேண்டுமென்று இச்சபையைப் பிரார்த்திக்கிறேன்.