பழந்துணி வளர்த்த நட்பு

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைச்சாலையில் இருபது கொண்டையூசி வளைவுகள் உள்ளன. வளைவுக்கு வளைவு வெயில் தணியும். காற்றில் குளிர் கூடும். சேர்வராயன் மலையின்மேல், கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் அவ்வூரைக் கோடை விடுமுறைக்கு உரிய இடமாகவே பலரும் அறிவர். எனக்கோ அது ஒரு நண்பரைத் தந்த ஊர். எங்களைச் சேர்த்து வைத்தது பழந்துணி என்று சொன்னால் நீங்கள் நகைக்கக்கூடும். அஞ்சல்தலை சேர்ப்பார் உண்டு, பழங்காசு சேர்ப்பார் உண்டு, கந்தலைச் சேர்ப்பாரும் உண்டோ என்று கேட்பீர்கள். உண்டு. அந்தக் கதையையே இன்று உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

1990களில் நான் அம்மலையில் ஒரு பள்ளியில் தலைமையாசிரியனாகப் பணியாற்றினேன். அங்கே நெசவு ஆசிரியர் ஒருவர் இருந்தார். சேலம் அம்மாபேட்டையில் தறிச் சத்தத்தைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்தவர். என்னிலும் இருபது வயது மூத்தவர். பள்ளியில் அவர் என்னை 'ஐயா' என்பார். பள்ளி மணி அடித்து, அவர் வீட்டுத் திண்ணையில் துணி மூட்டை அவிழ்ந்துவிட்டால் நான் 'தம்பி' ஆகிவிடுவேன், அவர் எனக்கு 'அண்ணா' ஆகிவிடுவார்.

அந்த மூட்டைகள் எங்கிருந்து வந்தன? பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் தருவோர் தெருவில் கூவி வருவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அவர்களிடம் சேரும் மூட்டைகளை ஞாயிறுதோறும் அவர் கிளறிப் பார்ப்பார். பழைய பட்டுச் சேலையை விலைக்கு வாங்குவோரும் உளர். அவர்கள் வேண்டுவது சேலையன்று, அதன் சரிகை. வெள்ளிக் கம்பிக்குப் பொன்முலாம் பூசிய அக்காலத்துச் சரிகையை எரித்து உருக்கி வெள்ளியைப் பிரித்தெடுப்பர். ஒரு நெசவாளன் பல நாள் இருந்து நெய்த கரையும் முந்தானையும் ஒரு நாழிகையில் சாம்பலாகிவிடும். "அந்த வெள்ளியின் விலையை நான் தருகிறேன், சேலையை எனக்குக் கொடுங்கள்" என்று மன்றாடி அவர் மீட்டவை பல.

துணியைப் படிக்க எனக்குக் கற்பித்தவர் அவரே. நெசவாளர் நூல் எண்ணும் சிறு கண்ணாடி ஒன்றை என் கையில் கொடுத்து, ஓர் அங்குலத்தில் பாவு இழை எத்தனை, ஊடை இழை எத்தனை என்று எண்ணச் சொல்வார். இழை ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருந்தால் அது கையால் நூற்றதாகலாம். ஒரே சீராக ஓடினால் ஆலை நூலாகலாம். நிறமும் காலத்தைச் சொல்லும். பெர்க்கின் என்ற ஆங்கில இளைஞர் 1856இல் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டார். 1897இல் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது. அதற்கு முன்னர் நம் நாட்டு நீலம் அவுரிச் செடியிலிருந்தும், சோழமண்டலக் கரையின் புகழ்பெற்ற சிவப்பு சாயவேரிலிருந்தும் பிறந்தன. ஆகவே பழந்துணி என்பது எழுத்தில்லாத ஏடு. படிக்கத் தெரிந்தவனுக்கு அது பேசும்.

எனக்கும் ஒரு வேட்டைக்களம் வாய்த்தது. சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் இம்மலையில் காப்பிப் பயிரைப் புகுத்தினார். பின்னர்த் தோட்டங்களும் ஆங்கிலேயரின் பங்களாக்களும் எழுந்தன. அத்தகைய பங்களா ஒன்று கைமாறியபோது அதன் தட்டுமுட்டுப் பொருள்களை ஏலம் விட்டார்கள். நாற்காலி வாங்கப் போன நான் சன்னல் திரை ஒன்றையும் வாங்கி வந்தேன். ரோசாப் பூக்கொடி அச்சிட்ட சீட்டித் துணி அது. அண்ணா அதை நெடுநேரம் பார்த்தார். "பூவெல்லாம் ஒரே அளவு இடைவெளியில் திரும்பத் திரும்ப வருகிறது, இயந்திர அச்சு. சீமையிலிருந்து வந்தது. ஆனால் தம்பி, இந்தப் பூ நம் கரையிலிருந்து அங்கே போனது" என்றார்.

அவர் சொன்னது வரலாற்று உண்மை. கடுக்காயும் பாலும் ஊட்டிய பருத்தித் துணியில், கலம் என்னும் எழுதுகோலால் படிகாரக் கரைசலைத் தீட்டி, சாயவேர் நீரில் காய்ச்சிச் சிவப்பேற்றினர் நம் கடற்கரைக் கலைஞர். துவைத்தாலும் போகாத அந்த வண்ணத்தில் ஐரோப்பா மயங்கிற்று. தம் நாட்டு நெசவு கெடுமென்று அஞ்சி, பிரான்சு 1686இல் இத்துணிகளைத் தடுத்தது. இங்கிலாந்து 1700இலும் 1721இலும் சட்டமியற்றியது. தடை நின்ற காலத்தில் அவர்கள் தாமே அச்சிடக் கற்றுக்கொண்டனர். கடல் கடந்து சென்ற பூ இயந்திரத்தில் ஏறி, கப்பலில் திரும்பி, ஏற்காட்டுச் சன்னலில் தொங்கியது!

துணி சேர்ப்பதிலும் இருவகை உண்டு. 1866இல் ஃபோர்ப்ஸ் வாட்சன் என்பவர் இந்தியத் துணிகளில் 700 மாதிரிகளை வெட்டி ஒட்டிப் பதினெட்டுத் தொகுதிகளாக்கினார். அவ்வாறு இருபது படிகள் செய்தனர். பதின்மூன்று பிரிட்டனுக்கு, ஏழு இந்தியாவுக்கு. இந்தியர் விரும்பும் துணி எதுவென்று அந்நாட்டு ஆலைக்காரர் அறிந்து செய்து விற்பதற்கே அம்முயற்சி. இன்று அதே ஏடுகள் நம் முன்னோர் திறத்துக்குச் சான்றாக நிற்கின்றன. அகமதாபாதில் 1949இல் தொடங்கிய காலிகோ துணி அருங்காட்சியகமோ, பழந்துணியைக் கலையாகவே போற்றிச் சேர்த்தது. எங்கள் சேர்க்கை இவற்றின் முன் தூசு. ஆயினும் எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது: விலைக்கு விற்பதில்லை, துணிக்குத் துணி மாற்றிக்கொள்வது.

அவ்வாறே என் சீட்டித் திரையை அவர் கேட்டார். ஈடாக அவர் தந்தது சேலம் வெண்பட்டு அங்கவஸ்திரம் ஒன்று. மயில்கண் கரை போட்டது. அவருடைய தந்தையார் தம் கையால் நெய்தது. நான் திடுக்கிட்டேன். "இது ஈடாகுமா, அண்ணா?" என்றேன். "எனக்குத் தந்தை நெய்தது இன்னும் இரண்டு இருக்கின்றன. கடல் போய் வந்த பூ ஒன்றும் இல்லையே" என்று சிரித்தார்.

இனி என் பிழையைச் சொல்ல வேண்டும். அந்த அங்கவஸ்திரத்தை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். பிறர் கண் படலாகாது என்ற ஆசையே காரணம். ஐப்பசி, கார்த்திகையில் மலையில் மழையும் மூடுபனியும் மாறி மாறி வரும். சுவரே வியர்க்கும், பெட்டிக்குள் இருந்த பட்டு என்ன செய்யும்? தையில் திறந்து பார்த்தேன். மடிப்புகளில் பூஞ்சை, கரையோரம் துருக்கறை. நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது.

துணி கெட்டது சிறு பிழை. அதை மறைத்தேனே, அதுவே பெரும்பிழை. அண்ணா ஓய்வு பெற்று அம்மாபேட்டைக்கு இறங்கிப் போயிருந்தார். சேலத்துக்குப் போன போதெல்லாம் அவர் தெருவைத் தவிர்த்தேன். அவர் எழுதிய கடிதங்களுக்கு இரண்டு வரியில் விடை எழுதினேன். ஐந்து திங்கள் இவ்வாறு கழிந்தன. ஒரு துணியை இழந்தவன் ஒரு நண்பரையும் இழக்கப் பார்த்தேன்.

கடைசியில் ஒரு நாள் அதை எடுத்துக்கொண்டு போய் அவர் மடியில் வைத்தேன். அவர் விரித்தார், வாசலுக்கு எடுத்துச் சென்று மெல்லிய தூரிகையால் பூஞ்சையைத் தட்டினார். "எலுமிச்சைச் சாறு தேய்த்தால் துரு போகும் என்பார்கள். துருவோடு இழையும் போகும். கறை இருக்கட்டும்" என்றார். பிறகு என் முகம் பாராமலே, "என் தகப்பனார் இதை நெய்தபோது எத்தனையோ இழை அறுந்திருக்கும், தம்பி. அறுந்ததை மறைத்தால் தறி ஓடாது. உடனே முடிச்சுப் போட வேண்டும். நீ ஐந்து மாதம் முடிச்சுப் போடாமல் விட்டுவிட்டாய்" என்றார். வேறொரு சொல் சொல்லவில்லை.

அன்று அந்தத் துணியை இரண்டாக வெட்டினோம். கறைபட்ட பாதியை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அன்று முதல் எங்களுக்கு ஒரு விதி ஏற்பட்டது: எந்தத் துணியை மாற்றினாலும் அதன் குறையை முதலில் சொல்ல வேண்டும். கிழிசல், கறை, ஒட்டுத் தையல் எல்லாம் சொன்ன பிறகே அழகைச் சொல்லலாம். அவர் மறையும் வரையில் அவ்விதி பிழைத்ததில்லை.

உங்களுள் யாரேனும் பாட்டியின் பழஞ்சேலையைக் காக்க விரும்பினால் சில சொல்வேன். இரும்புப் பெட்டியில் வையாதீர்கள். கஞ்சியிடாத, சாயமிடாத பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். திங்களுக்கு ஒருமுறை நிழலில் காற்றாட விரித்து, பழைய மடிப்பை விட்டு வேறிடத்தில் மடியுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் பட்டு அங்கேயே அறும். அது யார் உடுத்தியது, எந்த விழாவில் உடுத்தியது என்று கேட்டு ஒரு சீட்டில் எழுதி உடன் வையுங்கள்.

திருவள்ளுவர் நட்பைப் பற்றிப் பேசும் அதிகாரங்களுள் ஒன்றுக்குப் 'பழைமை' என்றே பெயரிட்டார். நெடுநாள் பழகிய நட்பின் உரிமையைப் பேசும் பகுதி அது. பழையதாக இருப்பதால் மட்டும் ஒன்று நிலைத்துவிடுவதில்லை. காற்றும் வெளிச்சமும் காணாத பட்டு பெட்டிக்குள்ளேயே நைகிறது. உண்மை சொல்லாத நட்பும் அவ்வாறே. என்னிடம் இன்றும் இருக்கும் அந்தப் பாதி அங்கவஸ்திரத்தை மாணவர்களுக்குக் காட்டும்போது, முதலில் துருக்கறையைத்தான் காட்டுகிறேன். அதன் பிறகே மயில்கண்ணைக் காட்டுகிறேன்.