ஆசிரியருக்கு இணையம் தரும் துணை

எமது பாடசாலையில் விஞ்ஞானகூடம் என்று பெயர் எழுதிய அறையொன்று உண்டு. அங்குள்ள அம்பியர்மானிகளுள் ஒன்றேனும் இயங்குவதில்லை. ஓமின் விதியைப் பிள்ளைகள் கரும்பலகையிலே கண்டு, பரீட்சையிலும் அவ்வண்ணமே எழுதி வந்தனர்.

கலைப்பட்டதாரியாகிய நான் இதற்குப் பரிகாரம் காண்பேன் என எவரும் எதிர்பார்க்கவில்லை. இளம் ஆசிரியை ஒருவரே வழிகாட்டினார். அமெரிக்காவிலே நோபெல் பரிசு பெற்ற பௌதிகவியலறிஞர் கார்ல் வீமன், கொலராடோப் பல்கலைக்கழகத்தில் 2002ஆம் ஆண்டு தொடக்கிய 'பெற்' என்னும் இணையத்தளத்தில், மின்கலம், கம்பி, மின்குமிழ் ஆகியவற்றைத் திரையிலேயே தொடுத்துச் சுற்றமைக்கலாம். கலங்களைக் கூட்டினால் ஒளி கூடும். தடையைக் கூட்டினால் மங்கும். கட்டணம் இல்லை. ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் இணையத்தொடர்பின்றியும் இயங்கும். எமது ஊரில் இது சிறிய உபகாரமன்று.

பின்வாங்கில் வாய்திறவாதிருந்த மாணவனொருவன், "குமிழ் இல்லாமல் கம்பியை மட்டும் தொடுத்தால் என்ன நடக்கும், ரீச்சர்?" என்று கேட்டான். தொடுத்துப் பார்த்தார்கள்; திரையிலே தீச்சுவாலை எழுந்தது. வகுப்பே ஆரவாரித்தது.

ஆயினும் அத்தீ விரலைச் சுடாது. ஆகவே மெய்யான கலம் இரண்டும் குமிழ் ஒன்றும் வாங்கி மேசைமீது வைக்கும்படி பணித்தேன். அதற்குப் பெருஞ்செலவு ஆகவில்லை.

தமிழாசிரியருக்கோ, 2005இல் தொடங்கிய 'நூலகம்' இணையத்தளம் பெருந்துணை. ஈழத்துப் பழைய நூல்களும் சஞ்சிகைகளும் அங்கே பக்கம் பக்கமாகப் படிக்கக் கிடைக்கின்றன. எமது பாடசாலை நூலகத்தில் இருப்பவை இரண்டு அலுமாரிகளே.

அந்த மாணவன் இப்போது பழுதான அம்பியர்மானியொன்றைக் கழற்றிக்கொண்டிருக்கிறான். அனுமதி கொடுத்தவன் நானே.