அலமாரியில் உறங்கும் கச்சேரிகள்

(நமது சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



காப்பிக்கு முன்னால் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே சுருக்கமாகவே சொல்லி முடித்து விடுகிறேன்.

என் தகப்பனார் மாதுங்காவில் நாற்பது வருஷம் குடியிருந்தவர். பகலில் ரயில்வே உத்யோகம், சாயங்காலமானால் கச்சேரி. அவர் காலமான பிறகு அவருடைய அலமாரியைத் திறந்தோம். உள்ளே 140 காஸெட்டுகள் இருந்தன. சிலவற்றில் பாடகர் பெயரும் தேதியும் ஒழுங்காக எழுதியிருந்தன. பலவற்றில் "சனிக்கிழமை கச்சேரி, தோடி அபாரம்" என்கிற மாதிரி ஒரே ஒரு வரிதான். எந்த சனிக்கிழமை? யாருடைய தோடி? கேட்பதற்கு அப்பா இல்லை. மும்பை மழைக்கால ஈரத்தில் முப்பது காஸெட்டுகளில் பூஞ்சை வேறு பிடித்திருந்தது.

நானும் மூன்று நண்பர்களும் சேர்ந்து இசையைப் பகிர்ந்துகொள்ள ஓர் இணையதளம் ஆரம்பித்ததற்கு அந்த அலமாரிதான் காரணம்.

இதில் "ஓப்பன் ஸோர்ஸ்" என்ற வார்த்தை அடிக்கடி வரும். ஒரு மென்பொருளின் மூல நிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்று அதை எழுதியவர்களே அனுமதி தந்துவிடுவதற்கு அந்தப் பெயர். பட்சணத்தோடு செய்முறையையும் சேர்த்துக் கொடுப்பது போல என்று வைத்துக் கொள்ளுங்கள். விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி அப்படிப்பட்டது. எங்கள் தளத்துக்கும் அதையே எடுத்துக் கொண்டோம். காஸெட்டைக் கணினியில் பதிவு செய்ய ஆடாஸிட்டி, ஒலியின் தரம் குறையாமல் சேமித்து வைக்க ஃப்ளாக். இவை எதற்கும் ஒரு பைசா செலவில்லை. தளத்தின் பெயர்ப் பதிவுக்கும் சர்வர் வாடகைக்கும் ஆன பணத்தை நால்வரும் பங்கிட்டுக் கொண்டோம். ஒரு வாரத்தில் தளம் தயாராகிவிட்டது.

வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. 90 நிமிஷக் காஸெட்டைப் பதிவு செய்ய 90 நிமிஷம் ஆகும். குறுக்கு வழி கிடையாது. அதைவிடப் பெரிய சிரமம், பதிவு செய்ததற்கு என்ன பெயர் போடுவது என்பது. யார் பாடினார், பக்கவாத்தியம் யார், என்ன ராகம், என்ன தாளம், எந்த ஊர், எந்த வருஷம் என்ற விவரம் இல்லாத ஒலிப்பதிவைத் தேடி எடுக்க யாராலும் முடியாது.

எங்கள் கட்டடத்தில் 86 வயது மாமி ஒருவர் இருந்தார். கண் பார்வை குறைவு. காது மட்டும் கூர்மை. ஒரு நாள் அப்பாவின் பெயரில்லாத காஸெட் ஒன்றை அவருக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டு நிமிஷம் கேட்டுவிட்டு, "இது ஹாலில் நடந்த கச்சேரி இல்லைடா. பின்னால் ரயில் போகிற சத்தம் கேட்கிறதே. ராமநவமிப் பந்தல்" என்றார். சற்றுப் பொறுத்து, "உன் மெஷின் மெதுவாக ஓடுகிறது. இவருக்கு இரண்டு கட்டை சுருதி. இங்கே ஒன்றரைக்குக் கீழே இறங்கிக் கிடக்கிறது" என்றார். சரிபார்த்தோம். அவர் சொன்னதுதான் சரி. வேகத்தைத் திருத்தியதும் பாடகரின் குரல் தெளிவாக அடையாளம் தெரிந்தது.

இப்படி மாமி 61 காஸெட்டுகளுக்குப் பெயர் கொடுத்தார். ஐந்து மாதம் கழித்து அவரும் காலமாகிவிட்டார். இன்றைக்கும் 40 காஸெட்டுகளுக்குமேல் பெயரில்லாமல் இருக்கின்றன. அவற்றை அடையாளம் சொல்ல எனக்குத் தெரிந்து இப்போது யாரும் இல்லை.

இப்படி உழைத்துச் சேர்க்கும் விவரங்கள் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியும் உண்டு. 1990களில் ஸிடி பாடல்களின் விவரங்களை உலகெங்கும் ஆர்வலர்கள் தாங்களாகவே டைப் செய்து ஸிடிடிபி என்ற பொதுப் பட்டியலில் சேர்த்தார்கள். பின்னால் அது வியாபார நிறுவனமாக மாறிவிட்டது. உழைத்தவர்களுக்கு மனக்கசப்பு. அந்த அனுபவத்தில் பிறந்ததுதான் 2000ல் தொடங்கிய ம்யூஸிக்ப்ரெயின்ஸ். அதன் நிரலும் திறந்தது. அடிப்படை விவரங்களும் பொதுச் சொத்து. பார்ஸிலோனாவின் பாம்பெயு ஃபாப்ரா பல்கலைக்கழகம் 2011லிருந்து 2017 வரை நடத்திய காம்ப்ம்யூஸிக் ஆராய்ச்சியில் கர்நாடக இசைப் பதிவுகளின் விவரங்களை அங்கேதான் ஒழுங்குபடுத்தினார்கள். நம் ராகத்துக்கும் தாளத்துக்கும் அங்கே தனி இடம் இருக்கிறது. தோடியை ஆங்கில எழுத்தில் நாம் நான்கு விதமாக எழுதுகிறோம் அல்லவா? ஒன்றை முதன்மையாக வைத்து, மற்றவற்றை மாற்றுப் பெயர்களாகச் சேர்ப்பதே வழி. எங்கள் விவரங்களையும் யார் வேண்டுமானாலும் எடுத்தாளலாம் என்று முதல் நாளே எழுதி வைத்து விட்டோம்.

இனி நான் செய்த தவற்றைச் சொல்ல வேண்டும். அப்பாவின் காஸெட்டுகளில் ஒரு வித்வானின் கச்சேரி இருந்தது. அவர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. யாரையும் கேட்காமல் தளத்தில் ஏற்றிவிட்டேன். சந்தோஷப்படுவார்கள் என்றுதான் நினைத்தேன். ஒரு மாதத்தில் அவருடைய பெண் தொலைபேசியில் கூப்பிட்டார். கோபமாகப் பேசவில்லை. "அன்றைக்கு அப்பாவுக்கு நல்ல ஜுரம். ஸபாவை ஏமாற்றக் கூடாது என்று பாடினார். இந்தக் கச்சேரியை நினைத்துக் கடைசி வரை வருத்தப்பட்டார். எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார். அன்றே எடுத்துவிட்டோம். பிறகு நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். அந்தக் கச்சேரியைத் திரும்ப ஏற்றவில்லை. ஏற்றப் போவதும் இல்லை.

தியாகராஜ ஸ்வாமி 1847ல் ஸித்தியடைந்தார். அவருடைய கிருதிகள் எல்லோருக்கும் பொது. ஆனால் அவற்றைப் பாடியவரின் குரல் பொதுவல்ல. நம் நாட்டுச் சட்டப்படி, வெளியிடப்பட்ட ஒலிப்பதிவுக்கு 60 ஆண்டுகள் காப்புரிமை உண்டு. கச்சேரி செய்த கலைஞர்களுக்கு 50 ஆண்டுகள் தனி உரிமை உண்டு.

பெரிய தளங்களும் அடிபட்டுத்தான் கற்றன. 2006ல் எட்வர்ட் குவோ என்ற மாணவர் மேற்கத்திய இசையின் ஸ்வரப் பிரதிகளுக்காக ஐஎம்எஸ்எல்பி என்ற தளத்தை மீடியாவிக்கி கொண்டே அமைத்தார். ஸர்வர் கனடாவில். அங்கே காப்புரிமை தீர்ந்த சில படைப்புகளுக்கு ஐரோப்பாவில் இன்னும் தீரவில்லை. வியன்னாவின் ஒரு பதிப்பகம் வக்கீல் கடிதம் அனுப்ப, 2007 அக்டோபரில் தளத்தை மூட நேர்ந்தது. 2008 ஜூன் 30ல்தான் மறுபடி திறந்தார்கள். இன்டர்நெட் ஆர்க்கைவ் 2002ல் நேரடிக் கச்சேரிகளுக்காகத் தனிப் பகுதி தொடங்கியபோது, அனுமதி தந்த கலைஞர்களின் கச்சேரிகளை மட்டுமே ஏற்பது என்று விதி வைத்துக் கொண்டார்கள். எங்கள் விதியும் இப்போது அதுதான். சட்டம் விட்டாலும், குடும்பத்தாரைக் கேட்காமல் ஏற்றுவதில்லை.

"நம் ஸங்கீதம் குருமுகமாக வந்தது, இப்படி ஊருக்கெல்லாம் கொடுக்கலாமா?" என்று சில பெரியவர்கள் கேட்கிறார்கள். முத்துஸ்வாமி தீக்ஷிதர் பரம்பரையில் வந்த சுப்பராம தீக்ஷிதர், தம் குடும்பத்து வித்தையை ஸ்வரப்படுத்தி 1904ல் எட்டயபுரத்தில் "ஸங்கீத ஸம்ப்ரதாய ப்ரதர்சினி"யாக வெளியிட்டார். எழுதும்படி அவரை வற்புறுத்தியவர்களில் முக்கியமானவர் சின்னஸ்வாமி முதலியார். நூல் வெளிவந்து இரண்டே வருஷத்தில், 1906ல், தீக்ஷிதர் மறைந்தார். அவர் தயங்கியிருந்தால் நமக்கு எவ்வளவு நஷ்டமாகியிருக்கும்?

ஆகவே மாமா மாமிகளிடம் என் வேண்டுகோள் இதுதான். கம்ப்யூட்டர் தெரிய வேண்டியதில்லை. உங்கள் பரணிலும் பீரோவிலும் இருக்கும் காஸெட்டுகளைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். கொடுத்தனுப்ப மனம் வராவிட்டால் நாங்கள் மெஷினோடு வீட்டுக்கு வருகிறோம். உங்கள் எதிரிலேயே பதிவு செய்து, காஸெட்டை உங்களிடமே தந்து விடுகிறோம். மாதத்தில் ஒரு ஞாயிறு வந்து உட்கார்ந்து, பெயரில்லாத பதிவுகளைக் கேட்டு, "இது இன்னார்" என்று சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக் கொள்ள இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அதுவே ஸங்கீதப் பாடமாகும்.

அப்பா இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்தில் பேனாவோடு உட்கார எனக்குத் தோன்றவில்லை. உங்கள் பிள்ளைகளுக்கு அந்தக் குறை வேண்டாம்.