கோகலே மண்டபத்தின் மேல் கை வைக்காதீர்கள்!

கடையைச் சாத்திவிட்டு வந்திருக்கும் ஜார்ஜ் டவுன் வியாபாரிகளே!

ஆர்மீனியன் தெரு கோகலே மண்டபத்தை இடித்தால் என்ன என்று கேட்கிறார்கள். அதில் சிற்பமா இருக்கிறது, கோபுரமா இருக்கிறது என்கிறார்கள். சிற்பத்துக்காக யாரும் அதைக் கட்டவில்லை, ஐயா! நம் வீட்டுப் பிள்ளைகள் கூடுவதற்காகக் கட்டினார்கள்.

1914-ல் அன்னி பெசன்ட் அம்மையார் ஒய்.எம்.ஐ.ஏ. என்ற இந்திய இளைஞர் சங்கத்தைத் தொடங்கினார். எஸ்பிளனேடில் அப்போதே கிறிஸ்தவ இளைஞர் சங்கமான ஒய்.எம்.சி.ஏ. இருந்தது. இந்திய இளைஞனுக்கும் படிக்க, பேச, உடம்பைத் தேற்ற சொந்தமாக ஓர் இடம் வேண்டும் என்று அம்மையார் நினைத்தார். மறு வருஷமே மண்டபம் எழுந்தது. அந்த வருஷம் பிப்ரவரியில்தான் தேசத் தலைவர் கோகலே மறைந்திருந்தார். அவர் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். 1916 செப்டம்பரில் சுயாட்சி கேட்ட ஹோம் ரூல் இயக்கம் அந்த மேடையிலிருந்து கிளம்பியது. அடுத்த ஜூனில் வெள்ளைக்கார அரசு அம்மையாரைப் பிடித்து ஊட்டியில் காவலில் வைத்தது. அந்த வருஷ டிசம்பரிலேயே கல்கத்தா காங்கிரசுக்கு அவர்தான் தலைவர்! அரசியல் மட்டுமா? சபாக்கள் மயிலாப்பூருக்கும் தி.நகருக்கும் போகுமுன் இந்த ஊர் சங்கீதம் கேட்டதும் இந்தப் பேட்டையில்தான், இந்த மண்டபத்திலும்தான்.

கட்டடம் பலவீனமாகிவிட்டதாம். யாரால் பலவீனமானது? ஜார்ஜ் டவுனில் பழைய கட்டடம் எப்படிச் சாகிறது என்று உங்களுக்குத் தெரியும். மொட்டை மாடியில் மழைத் தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொள்ளும். குத்துக் கம்பி விட்டு எடுக்க ஆளில்லை. தேங்கிய தண்ணீர் சுண்ணாம்புத் தளத்தில் இறங்கி, உத்தரத்தின் முனையைச் செல்லரிக்க வைக்கும். கைப்பிடிச் சுவரில் காக்கை போட்ட விதை அரசங்கன்றாகி, செங்கல்லுக்குள் விரல் தடிமனுக்கு வேரை விடும். அது கன்றாக இருக்கும்போதே பிடுங்கியிருக்கலாம். பிடுங்காமல் விட்டுவிட்டு, வெடிப்பைக் காட்டி இடிக்கச் சொல்வது என்ன நியாயம்?

எங்கள் சொத்து, எங்கள் இஷ்டம் என்கிறார்கள் சங்கத்தின் நிர்வாகிகள். அவர்கள் மண்டபத்தின் காவலர்கள், முதலாளிகள் அல்ல! பொதுக் காரியத்துக்கென்று எழுப்பிய இடத்தை விற்றுத் தின்ன எவருக்கும் உரிமை கிடையாது. பணமில்லை என்றால் ஊரைக் கேளுங்கள். விக்டோரியா பப்ளிக் ஹாலுக்கு மாநகராட்சி கோடிக்கணக்கில் செலவழிக்கவில்லையா? ஏற்கெனவே ஒரு முறை ஏமாந்தோம்: 1985-ல் மூர் மார்க்கெட் எரிந்தது. எரிந்ததைத் திரும்பக் கட்டித் தராமல் ரயில்வே வளாகத்தைக் கட்டினார்கள். அன்று நாம் சும்மா இருந்தோம். இன்று இருக்க மாட்டோம்.

மரபுச் சின்னங்களுக்கென்று 2012-லேயே சட்டம் இயற்றிய அரசு, அதைக் கையில் எடுத்துக்கொண்டு இந்தத் தெருவுக்குள் வரட்டும். கூரை போட்டு, மேடையைச் செப்பனிட்டு, பிள்ளைகளுக்குத் திறந்து விடட்டும். அதுவரை ஒரு செங்கல்லையும் நகர்த்த விடமாட்டோம்! மனு மேடைக்கு இடப்பக்கம் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்; பக்கத்துக் கடைக்காரரையும் அழைத்து வாருங்கள்.