ப்ளஸ் 120

இன்ஜினே இல்லாத கிளைடர் எப்படி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகுதுன்னு போன வாரம் நிறைய பேர் கேட்டிருந்தீங்க. இன்றைக்கு அதைத்தான் பேசப்போறேன். கூடவே நான் அசடு வழிந்த ஒரு கதையும் இருக்கு.

பருந்து இறக்கையை அசைக்காமல் வட்டம் போடுமே, பார்த்திருப்பீங்க. வெயிலில் சூடான தரையிலிருந்து காற்று தூண் மாதிரி மேலே எழும்பும். அதுதான் தெர்மல். பருந்து அதுக்குள்ளதான் சுற்றுது. கிளைடரும் அப்படித்தான்: சுற்றிச் சுற்றி ஏறணும், பிறகு நேராக வழுக்கிப் போய் அடுத்த தெர்மலைப் பிடிக்கணும்.

இரண்டு தெர்மலுக்கு நடுவில் எவ்வளவு வேகமாகப் போறது? இந்தக் கணக்கைப் பிரபலமாக்கியவர் பால் மக்ரீடி. 1956-ல் உலக கிளைடிங் சாம்பியன். (1977-ல் மனுஷன் பெடல் மிதித்தே பறக்கிற விமானத்தைச் செய்து காட்டினதும் இதே ஆள்தான்!) அடுத்த தெர்மல் பலமாக இருக்கும்னா வேகமாகப் போகலாம், இழந்த உயரத்தைச் சீக்கிரம் மீட்டுடலாம். பலவீனம்னா நிதானம். ஆனால் அடுத்த தெர்மல் எப்படி இருக்கும்னு யாருக்குத் தெரியும்? இன்றைய ஆப்களிலும் அந்த எண்ணைப் பைலட்தான் ஊகித்துக் கொடுக்கணும். ஆட்டோ மோடு இருக்கு, ஆனால் அதுவும் ஏற்கனவே ஏறின தெர்மல்களைத்தான் பார்த்துச் சொல்லும்.

நான் தெற்கு ஜெர்மனியில் சாஃப்ட்வேர் டெஸ்டராக வேலை பார்க்கிறேன். வார இறுதியில் ஒரு கிளப்பில் கிளைடர் கற்றுக்கிறேன். போனில் எக்ஸ்சிசோர்னு ஒரு இலவச ஆப். ஒருகாலத்தில் காசுக்கு விற்ற மென்பொருள். 2004 கடைசியில் அதன் நிரலை எல்லோருக்கும் திறந்துவிட்டாங்க. வரைபடம், காற்று, வீடு போய்ச் சேரும்போது எத்தனை மீட்டர் மிச்சம் இருக்கும் எல்லாம் காட்டும்.

அன்றைக்கு ஏ.எஸ்.கே 21, இரண்டு சீட். பின்னால் என் இன்ஸ்ட்ரக்டர், ஓய்வுபெற்ற பெரியவர். வீடு 24 கிலோமீட்டர். திரையில் ப்ளஸ் 120. அதாவது நான் வைத்த 200 மீட்டர் பாதுகாப்பு உயரத்துக்கும் மேலே 120 மீட்டர் மிச்சம்.

"அப்படியே வீட்டுக்குப் போயிடலாம்" என்றேன்.

"அந்த ஆப்புக்குக் காற்று எவ்வளவுன்னு யார் சொன்னது?" என்றார்.

"அதுவே கணக்குப் போடும்."

"எப்போ போட்டது?"

பதில் இல்லை. போனில் இருக்கிறது ஜிபிஎஸ் மட்டும்தான். காற்றில் நம்ம வேகம் எவ்வளவுன்னு அதுக்குத் தெரியாது. நாம வட்டம் போடும்போதுதான் காற்றைக் கண்டுபிடிக்கும்: காற்று பின்னாலிருந்து தள்ளும்போது தரைவேகம் 115, எதிர்க்கும்போது 65, வித்தியாசம் 50, அதில் பாதி 25. அதுதான் காற்று. நேராகப் பறக்கும்போது பழைய எண்ணையே பிடிச்சுக்கிட்டு இருக்கும். நாங்க கடைசியாகச் சுற்றி நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது. அப்போ எதிர்க்காற்று 12.

"மூணு வட்டம் போடு" என்றார்.

போட்டேன். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, உயரம் அதேதான். காற்று 12 என்பது 25 ஆனது. ப்ளஸ் 120 இருந்த இடத்தில் மைனஸ் 45.

வேலையில் நான் தினமும் கேட்கிற கேள்விதான் அது: இந்த டேட்டா எங்கிருந்து வந்தது, எப்போ வந்தது? அங்கே கேட்கத் தோணவே இல்லை. நல்ல எண்ணாக இருந்தால் யாரும் குறுக்கு விசாரணை பண்றதில்லை போல.

பக்கத்து மேகத்துக்கு அடியில் 300 மீட்டர் ஏறினோம். திரையில் ப்ளஸ் 255. இப்பவாவது போகலாமான்னு கேட்டேன், சிரிச்சார். ஓடுதளத்துக்கு மேலே வரும்போது 90 தான் மிச்சம். வழியில் கீழிறங்கும் காற்று 165 மீட்டரைத் தின்னுட்டுப் போயிருந்தது.

அடுத்த வாரம் கயிறு கட்டி இழுத்து கிளைடரை மேலே ஏற்றுகிற வின்ச் பற்றிப் பேசலாம். அதிலும் ஒரு அசட்டுக் கதை இருக்கு.