தொலைபேசியில் ஒரு வார்டு



கொலோன் என்றதும் பலருக்கு ரைன் கரையின் இரட்டைக் கோபுரத் தேவாலயம் நினைவுக்கு வரும். சிலருக்கு வாசனைத் திரவியம். ரத்தப் புற்றுநோய் மருத்துவர்களுக்கு அது வேறு ஊர். ஃபோல்கர் டீல் 1978-இல் தொடங்கிய ஹாட்ஜ்கின் நிணநீர்ப் புற்றுநோய் ஆய்வுக்குழு இன்று இயங்குவது அங்கிருந்துதான். அந்த ஊர்ப் பல்கலைக்கழக மருத்துவமனையின் மிஷாயேல் ஹாலெக் குழுவினர் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், நாள்பட்ட லிம்ஃபோசைட்டிக் லுகேமியா உள்ள 432 பேர் பங்கேற்றார்கள். அதில் ஒரு பிரிவினருக்கு ஒரு வருடம் வெனிடோகிளாக்ஸ் மாத்திரை, முதல் ஆறு மாதம் கூடவே நரம்பு வழியே ஏற்றும் ஒரு மருந்து. பிறகு நிறுத்தம்.

மாத்திரை வந்ததும் வார்டு வீட்டுக்குக் குடிபோய்விட்டது. வெனிடோகிளாக்ஸை எடுத்த எடுப்பில் முழு அளவு தருவதில்லை. 20 மில்லிகிராமில் தொடங்கி, ஐந்து வாரத்தில் படிப்படியாக 400-க்கு ஏற்றுகிறார்கள். புற்றணுக்கள் மொத்தமாக உடைந்தால் ரத்தத்தில் பொட்டாசியமும் யூரிக் அமிலமும் எகிறி, இதயத்தையும் சிறுநீரகத்தையும் தாக்கும். தண்ணீர் போதுமான அளவு குடித்தாரா, ரத்தப் பரிசோதனைக்குப் போனாரா என்று கேட்கக் கட்டிலருகே ஆளில்லை. தொலைபேசிதான் இருக்கிறது.

தொலைபேசியில் முகவாட்டம் தெரியாது, நடுக்கம் தெரியாது. வேலூரானாலும் கொலோனானாலும் நோயாளி சொல்வது ஒன்றுதான்: "நல்லாத்தான் இருக்கேன் சிஸ்டர், லேசாக் காய்ச்சல்." அந்த 'லேசா'வை நம்பிவிடக் கூடாது. வெப்பமானி என்ன காட்டியது, எப்போது பார்த்தார், அதற்கு முன் பாராசிட்டமால் போட்டாரா, கடைசிக் கீமோ என்றைக்கு? பாராசிட்டமால் காய்ச்சலை மறைத்துவிடும். வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாளில் 38 டிகிரி செல்சியஸ் என்றால் விடியும்வரை காத்திருக்க வழியில்லை.

பாரிஸை அடுத்த குஸ்தாவ் ரூசி புற்றுநோய் மையம் இந்தத் தொலைபேசிக் கவனிப்பைச் சோதித்தே பார்த்தது. பலவகைப் புற்றுநோய்களுக்கு மாத்திரை சாப்பிட்டவர்களைச் செவிலியர்கள் தொலைபேசியிலும் செயலியிலும் பின்தொடர்ந்தார்கள். 2022-இல் முடிவு வெளியானது. வழக்கமான கவனிப்பில் 36.9 சதவீதம் பேருக்குக் கடும் பக்கவிளைவு. செவிலியர் தொடர்பில் இருந்தவர்களில் 27.6.

இவ்வளவுக்குப் பிறகும், அழைப்பெடுக்கும் செவிலியரைச் சும்மா உட்கார்ந்திருப்பவராகப் பார்க்கும் மேலாளர்கள் உண்டு. அந்தச் செவிலியருக்குத் தனி மேசை வேண்டும், நோயாளியின் கோப்பு கையில் வேண்டும், கூப்பிட்டால் எடுக்கும் மருத்துவர் வேண்டும்.

கொலோன் இருக்கும் ஜெர்மனிக்கு 1960-களிலிருந்தே கேரளச் செவிலியர்கள் போகிறார்கள். இன்று பட்டம் பெறும் செவிலியர்களிலும் சிலர் போகக்கூடும். மொழித் தேர்வில் தேறினாலும், தொலைபேசியில் முதியவர் ஒருவர் வட்டார வழக்கில் வேகமாகப் பேசும்போது திணறல் வரும். அங்கே அனுபவம் சொல்லும் வழி எளியது: அழைப்பைத் துண்டிக்கும் முன், என்ன செய்யப்போகிறார் என்பதை நோயாளியையே திருப்பிச் சொல்லவைப்பது, கேட்டதைக் கோப்பில் நேரத்தோடு எழுதிவைப்பது.